கூடத்துக் கேமரா

"கையை எடுடா, எக்காளம் ஊதுற கழுதை! எனக்கு எல்லாம் தெரியுது!"

தோன் எவாரிஸ்தோ தன் கைபேசியைப் பார்த்துக் கத்தினார். கிளப்பில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

கைபேசியில் அவருடைய வீட்டுக் கூடம் தெரிந்தது. சோபாவின் ஒரு முனையில் கார்லோத்தா. மறுமுனையில் ஊர் பேண்டில் எக்காளம் ஊதும் பௌஸ்தீனோ. நடுவில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த அவனுடைய கை, கூரையிலிருந்து வந்த அதட்டலைக் கேட்டதும் அடிபட்ட பல்லி போலப் பின்வாங்கியது.

"பாத்தீங்களா கொம்பாத்ரே?" என்று பக்கத்திலிருந்த நெடுநாள் சிநேகிதர் மருந்துக்கடை நிகானோரிடம் காட்டினார். "நான் இங்கேருந்து பேசினா அங்க கூரையிலேருந்து சத்தம் வரும். சாட்சாத் கடவுள் பேசற மாதிரி!"

"கடவுள் கழுதைன்னெல்லாம் திட்ட மாட்டாரு, கொம்பாத்ரே."

அந்த ஆற்றங்கரை ஊரில், நல்ல குடும்பத்துப் பெண்ணைத் தேடி ஒருவன் வந்தால் கூடத்தில்தான் உட்கார வேண்டும். இருவருக்கும் நடுவே வீட்டு அத்தை ஒருத்தி ஊசிநூலோடு காவல் இருப்பாள். எவாரிஸ்தோவின் அத்தை போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்தபோதும் பாதி நேரம் குறட்டைதான். அதனால்தான் பர்ரான்கியா நகரத்திலிருந்து ஆளை வரவழைத்து, தூங்காத கேமராவும், சொன்னால் எரியும் விளக்கும், தன் கைபேசிக்கும் தன் கட்டைவிரலுக்கும் மட்டுமே திறக்கும் கதவுப் பூட்டும் போட்டிருந்தார்.

சும்மாவா? விடுதலைப் போரில் குதிரை ஏறிய ஜெனரலின் வம்சம். அந்த வீட்டுப் பெண்ணை ஒரு பேண்டுக்காரன் தொட்டான் என்று பேச்சு கிளம்பினால், சதுக்கத்தில் நிற்கும் ஜெனரலின் சிலைகூடத் தலையைத் தொங்கப்போட வேண்டியதுதான்.

"ரெண்டு பேருக்கும் ஆசை இருக்கு. கட்டி வெச்சிடுங்களேன்," என்றார் நிகானோர்.

"என்ன பேசறீங்க? ஊர்ல எந்தப் பொணம் போனாலும் முன்னால ஊதிக்கிட்டுப் போறவன் அவன்! ஜெனரல் சாப்பிட்ட மேஜைல உக்காந்து சூப்பு உறிஞ்சுவானா?"

"ஊதறவனுக்கு உறிஞ்சத் தெரியாமலா இருக்கும்?"

எவாரிஸ்தோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கார்லோத்தா சோபாவில் நகர்வது கண்ணில் பட்டது. அவசரமாகத் திரையைத் தட்டிக் கூடத்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. கார்லோத்தா இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். திடீரென்று திரை கறுத்தது. 'உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது' என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது.

"ஐயோ! யாரோ மாத்திட்டாங்க! என்னைத் தவிர யாருக்குமே தெரியாத பாஸ்வேர்டு அது!"

"அப்படி என்ன வெச்சிருந்தீங்க?"

எவாரிஸ்தோ அவர் காதருகே குனிந்தார். "ஜெனரலோட பேரு. அப்புறம் அவர் ஜெயிச்ச போர் நடந்த வருஷம்."

நிகானோர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மேஜையில் குத்தினார். "கொம்பாத்ரே, அதைத்தான் சிலைக்குக் கீழ கல்லுல வெட்டி வெச்சிருக்கே! நம்ம ஊர்ப் பிள்ளைங்க அதைச் சொல்லித்தானே ஒண்ணாங்கிளாஸ் பாஸ் பண்ணுது!"

"அப்படின்னா... வேற யாராவது உள்ள பூந்து..."

"யாராவதா? வியாழக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்லை. எல்லாரும் உங்க கூடத்தைத்தான் பாக்கறாங்க. போன வாரம் சோபா நடுவுல நீங்க சுண்ணாம்பால கோடு போட்டீங்களே, அதைப் பாத்துச் சிரிச்சு என் பொண்டாட்டிக்கு விக்கல் வந்து நிக்கவே இல்லை."

"பாதிரியாருமா பாக்கறாரு?"

"அவரு பௌஸ்தீனோதான் ஜெயிப்பான்னு பந்தயமே கட்டியிருக்காரு."

எவாரிஸ்தோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் நடந்தார். தெரு நெடுக வாசல்களில் சாய்ந்தாடும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், அவர் வருவதைக் கண்டதும் கைபேசியை மடிக்கடியில் ஒளித்துக்கொண்டு, "வணக்கம், தோன் எவாரிஸ்தோ" என்று அளவுக்கு மீறிய மரியாதையோடு சொன்னார்கள். யாருடைய மடியிலிருந்தோ அவருடைய கூடத்துச் சிரிப்பொலி கேட்டது.

வீட்டு வாசலில் பூட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. எச்சில் தொட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. உள்ளே எக்காளம் கொஞ்சிக் கொஞ்சி ஒரு காதல் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தது.

"கதவைத் திற! குடும்ப மானம் போகுது!"

எக்காளம் நின்றது. வாசலில் இருந்த அழைப்புமணிப் பெட்டியிலிருந்து கார்லோத்தாவின் குரல் வந்தது. "பாஸ்வேர்டை மாத்தி, உன் கட்டைவிரலையும் பூட்டுலேருந்து எடுத்தது நான்தான். புது பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, உனக்கு மட்டும்தான் இல்லை. ஞாயித்துக்கிழமை எங்க கல்யாணம். பாதிரியார்கிட்டப் பேசியாச்சு."

"என் சம்மதம் இல்லாம இந்த வீட்ல எந்தக் கல்யாணமும் நடக்காது!"

"சத்தம் போடாதே எவாரிஸ்தீத்தோ, ஊரே பாக்குது," என்று செல்லப்பெயரைச் சொல்லி அதட்டினாள் கார்லோத்தா. "பெத்த அம்மாவை உள்ள வெச்சுப் பூட்டற பிள்ளைக்குப் பின்வாசல்தான் திறக்கும். காலைக் கழுவிட்டு உள்ள வந்து, உன் புது அப்பாகிட்ட ஆசி வாங்கிக்கோ."