நாலாவது புகார்

பிரசவ வார்டில் மறுபடியும் கரண்ட் போய்விட்டது. பதினொரு நிமிடம். கரண்ட் திரும்பி வந்த கையோடு தலைமை சிஸ்டரின் புகாரும் பெரிய டாக்டரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது புகார்.

பிரசவ வார்டு தனிக் கட்டிடம். அதற்குத் தனி மெயின் சுவிட்ச், தனி ஜெனரேட்டர். இருந்தும் என்ன பயன் என்றுதான் சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிப்பார். எழுத்தில் ஈவு இரக்கம் பார்க்கிற ஆள் இல்லை. முதல் புகாரில், நான்கு டார்ச்சும் செத்துக் கிடந்தன, பிறந்த குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் மெஷினுக்கு பேட்டரி கிடையாது என்று எழுதினார். இரண்டாவதில், ஜெனரேட்டரைக் கிளப்பவே ஒன்பது நிமிடம் ஆயிற்று, தானாக மாறும் சுவிட்ச் இல்லாததுதான் காரணம் என்றார். இப்போது, அரை மணி நேரம் ஓடக்கூட டீசல் இல்லை என்று வந்திருக்கிறது. மூன்றிலும் கடைசி வரி மட்டும் ஒன்றே: 'நகல் மேலிடத்துக்கு.'

பெரிய டாக்டர் அந்தக் கடைசி வரியைத்தான் இரண்டு தடவை படிப்பார். உடனே இரண்டு காரியம் செய்வார். கேட்ட சாமானை மறுநாளே வாங்கி இறக்குவார். எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மெமோ கொடுப்பார்.

எலெக்ட்ரீஷியன் ஒன்பது வருடமாகத் தற்காலிகம். தற்காலிகமாகவே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் எங்கெங்கோ சுற்றிவிட்டு, இப்போதுதான் பெரிய டாக்டரின் கையெழுத்துக்கு வந்திருந்தது. வந்த நேரம் பார்த்து இப்படி. மனிதர் மூன்று மெமோவையும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "லைன் பழசு சார்" என்றதோடு சரி.

பெரிய டாக்டர் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார்.

"இதோ பாருப்பா. இன்னொரு தடவை கரண்ட் போய், சிஸ்டர்கிட்டேருந்து நாலாவது புகார் வந்துதுன்னா, ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவேன். நீயும் வீட்டுக்குக் கிளம்பிக்கலாம்."

சிஸ்டர் அப்போதாவது மனமிரங்குவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ, தாயும் பிள்ளையும்தான் எனக்கு முக்கியம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேண்டீனில் சிஸ்டர் தலைதான் உருண்டது. ஒன்பது வருஷம் உழைத்தவன் சோற்றில் மண்ணைப் போடுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்றார்கள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம், சிஸ்டர் அறை ஃபேனை எலெக்ட்ரீஷியன் ஒரு வாரம் ரிப்பேருக்குக் கொண்டுபோனதிலிருந்து பகை என்று ஒருவர் காரணமே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு அடித்த காற்றில், தெருமுனை மரம் மின்கம்பியோடு சாய்ந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது மாலை நாலரை.

பெரிய டாக்டரின் அறைக்கு ஜெனரேட்டர் கிடையாது. சட்டை நனைய உட்கார்ந்து, கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டு கணக்குப் போட்டார். பதினொரு நிமிடத்துக்கே மேலிடம் வரை போன பெண்மணி, ஆறரை மணி நேரத்துக்கு எதுவரை போவாளோ. அந்தப் புகார் வருவதற்குள் ஆளை நீக்கிவிட்டால் தன் தலை தப்பும் என்று தோன்றியது. எலெக்ட்ரீஷியனை வேலையைவிட்டு நீக்கும் உத்தரவைக் கையாலேயே எழுதி முடித்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இருவரையும் வரச் சொன்னார். சட்டையெல்லாம் டீசல் கறையோடு எலெக்ட்ரீஷியன் வந்து நின்றார். மேசைமேல் இருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டார் போல, முகம் செத்துப்போயிற்று. பின்னாலேயே சிஸ்டர் வெறுங்கையோடு வந்தார்.

"புகார் எங்கே?" என்றார் பெரிய டாக்டர்.

"இல்ல சார்."

பெரிய டாக்டர் நம்பவில்லை. வார்டில் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். ஏழு விநாடியில் ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது, அதுவரை பேட்டரி தாங்கியது, யார் டார்ச்சை எடுப்பது, யார் எந்த மெஷினைப் பார்ப்பது என்று எல்லாருக்கும் பழகியிருந்தது, இரண்டு பிரசவம், மூன்று குழந்தையும் சுகம் என்றார் சிஸ்டர். கணக்கு உதைக்கவே, ஒன்று இரட்டையா என்று பெரிய டாக்டர் நிமிர்ந்தார். ஒரு தாய் பக்கத்து ஆஸ்பத்திரியில் பெற்றுவிட்டு, அங்கே இருட்டானதால் குழந்தையோடு இங்கே வந்தவள், அவள் குழந்தையையும் சேர்த்துத்தான் மூன்று என்று சிஸ்டர் விளக்கினார்.

"பதினோரு நிமிஷம் போனதுக்கு மேலிடம் வரைக்கும் எழுதினீங்க. இன்னிக்கு ஆறரை மணி நேரம். ஒரு குறையும் இல்லையா?"

எலெக்ட்ரீஷியன் மெதுவாக, "வேணாம் சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் அந்த உத்தரவைப் பெரிய டாக்டர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"இதுல என் பேரையும் சேர்த்து எழுதிக்கோங்க சார். மெஷின்ல குழந்தை இல்லாத நேரமா பார்த்து, மூணு தடவையும் மெயினை அணைக்கச் சொன்னது நான்தான். பேட்டரி, சுவிட்ச், டீசல் எல்லாம் வாங்கித் தாங்கன்னு ரெண்டு வருஷத்துல உங்களுக்குப் பதினேழு கடுதாசி எழுதினேன், கிணத்துல போட்ட கல்லாக் கிடந்துது. புகார்னு எழுதினேன், மறுநாளே வந்துடுச்சு."