பின்னங்காலில் ஒரு முடி

ஓடையோரம் ஒரே கூட்டத்தில் ஆடி, ஒரே வலையில் மாட்டிய இரண்டு நடன ஈக்கள், அருங்காட்சியகப் பெட்டி ஒன்றில் அடுத்தடுத்த ஊசியில் முப்பது வருஷமாக இருந்தன. குப்பாண்டிக்கும் மொக்கையனுக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சாயல். மொக்கையனை "மாப்ளே" என்றுதான் குப்பாண்டி கூப்பிடும். குப்பாண்டியின் பின்னங்கால்கள் உதிர்ந்து கீழே விழுந்த அன்று, விடிய விடிய ஆறுதல் சொன்னது மொக்கையன்தான்.

ஒருநாள் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி பூதக்கண்ணாடியோடு வந்தாள். மொக்கையனின் பின்னங்காலில் நீளமாக ஒரு முடியைக் கண்டதும், "இது வேற இனம்" என்று வேறு பெட்டிக்கு மாற்றினாள். குப்பாண்டியிடம் சோதித்துப் பார்க்கப் பின்னங்காலே இல்லை. அதனால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

காலியான இடத்துக்குப் புது ஈ ஒன்று வந்தது.

"இங்க யாருண்ணே இருந்தா?"

"எவனோ. நம்ம ஆளு இல்ல. எனக்கு அப்பவே தெரியும், அவன் நாத்தமே வேற."

"அடியில ஒரு கால் கிடக்கே, நீளமா ஒரு முடியோட. அது யாரோடது?"

குப்பாண்டி கீழே பார்க்கவே இல்லை.

"அவனோடதுதான்."