மூன்று பெட்டித் தோட்டா

“அந்த மூணு பெட்டியும் வேற ஆளுக்கு எடுத்து வச்சாச்சும்மா. குடுக்க முடியாது.”

துப்பாக்கிக் கடை விநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். அனந்தபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற கூட்டத்தில் நசுங்கி, கடை திறக்கும் முன்பே செஞ்சிக்கு வந்து காத்துக் கிடந்தவள் சுமலதா.

“நேத்து போன்ல கேட்டப்போ இருக்குதுன்னு சொன்னீங்களே அண்ணா?”

“இருந்துச்சு. நீ பேரும் சொல்லல, எடுத்து வைக்கவும் சொல்லல. பட்டுனு போனை வச்சுட்ட. கொஞ்ச நேரத்துல இன்னொருத்தரு அதே லாட் நம்பரைச் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு.”

குறி பார்த்துச் சுடுகிற இந்த ஆட்டக்காரர்களே இப்படித்தான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏதோ ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதித் தோட்டாதான் ஒத்துப்போகும். அதே கம்பெனியின் வேறு லாட்டைப் போட்டால் நாலாபக்கமும் சிதறும். தன் லாட் நம்பர் என்ன என்று ஒருத்தரும் வெளியே மூச்சு விட மாட்டார்கள். தெரிந்தால் போச்சு, மற்றவர்கள் மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடுவார்கள். சுமலதா பேர் சொல்லாமல் விசாரித்ததும் அந்தப் பயத்தில்தான். சென்னையில் அவள் கேட்காத கடை இல்லை. எங்கேயும் இந்த லாட் இல்லை.

“கேட்டது வல்லத்து ஆளா? கவிதான்னு ஒருத்தி, என்னோட துப்பாக்கி மாதிரியே வச்சிருக்கா.”

“ஆம்பளைக் குரல்மா. அவரும் பேர் சொல்லல.”

“அப்போ அவ அண்ணன்தான்.” சுமலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவிதாவை மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினாள்.

“வேற லாட் இருக்குது, பாக்குறியா?”

“போன வருசம் கெடச்சதைப் போட்டுத்தான் ஒரே ஒரு பாயின்ட்ல போச்சு அண்ணா. நாளைக்கு ஸ்டேட் டீம் செலக்‌ஷன். இதையும் விட்டேன்னா துப்பாக்கிய வித்துட்டு, காட்டுறவனுக்குக் கழுத்தை நீட்டணும். நைனா கண்டிசனா சொல்லிட்டாரு.”

“அவருகிட்ட இன்னும் ஒரு வருசம் கேட்டுப் பாரேன்.”

“எங்க கேக்குறது? மாப்ள வூட்டுக்காரங்களத் திருப்பி அனுப்புனதிலேருந்து அவரு என் மூஞ்சியே பாக்கறதில்ல. எதுன்னாலும் அம்மாகிட்ட சொல்லுவாரு. அம்மா வந்து என்கிட்ட சொல்லும்.”

விநாயகத்துக்குப் பாவமாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாலும் கண் என்னவோ வாசலில்தான். ஒருத்தர் படியேறினார். போச்சுடா என்று எழுந்துவிட்டாள். அவர் லைசென்ஸ் புதுப்பிப்பது பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்து ஒருத்தர் வந்து சில்லறை கேட்டார். சுமலதாவின் உள்ளங்கை வேர்த்துப்போய்விட்டது. இந்தக் கையோடு நாளைக்கு எப்படிச் சுடுவது என்று வேறு பயம் பிடித்துக்கொண்டது.

“அண்ணா, அவருக்கு ஒரு போன் போடுங்க. கால்ல வேணாலும் விழறேன். ஒரே ஒரு பெட்டி குடுத்தா போதும்.”

விநாயகம் அவளுடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“ஐயா, நீங்க சொல்லி வச்ச தோட்டாவக் கேட்டு ஒரு பொண்ணு வந்து அழுவுது. ஒரு பெட்டி குடுக்கட்டுமா?”

அந்தப் பக்கம் பம்புசெட் ஓடுகிற சத்தம். அதற்கு மேலே ஒரு குரல் கத்தியது.

“அனந்தபுரத்துப் பொண்ணா? லைசென்ஸ்ல சுமலதான்னு இருக்குதா? அப்போ மூணையும் குடுத்துடுங்க. நேத்து உங்ககிட்ட போன்ல கேட்டுட்டு, எடுத்து வைக்கச் சொல்லாமலே வச்சுட்டா. பக்கத்துலதான் இருந்தேன், மனசு கேக்கல, அதான் நானே சொல்லி வச்சேன். நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல.”