முதலாம் பக்கத்துப் பெண்

“முதலாம் பக்கத்திலை அவளையோ? உங்களுக்கென்ன விசரே?”

கையிலிருந்த அகப்பையை அப்படியே நீட்டிக் கேட்டாள் தில்லைநாயகி. யோகநாதன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். முப்பத்துமூன்று வருட மணவாழ்க்கை கற்றுக்கொடுத்த ஓரடி அது.

விஷயம் இதுதான். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் தமிழர் கடை திறந்து நாற்பது வருடமாகிறது என்று வர்த்தகர் சங்கம் மலர் போடுகிறது. பலசரக்குக்கடை யோகநாதன்தான் ஆசிரியர். முதலாம் பக்கத்தில் ‘இங்கே கால் வைத்த முதல் தமிழ்ப் பெண்’ என்று ஒரு படம் வரவேண்டும். அது தான்தான் என்பதில் தில்லைநாயகிக்குச் சந்தேகமே இல்லை. சிவப்புக் காஞ்சிபுரம் கட்டி, கழுத்து நிறைய நகை போட்டு, ஸ்டூடியோவில் படமும் எடுத்து வைத்துவிட்டாள்.

கெடுத்தது நகைக்கடை புண்ணியமூர்த்தி. “தில்லைநாயகித் தங்கச்சி வர முன்னமே றெஜினா எண்டு ஒரு பிள்ளை இஞ்சை இருந்தவள். பிறகு செத்துப்போனாள் எண்டு கேள்வி” என்று கூட்டத்தில் போட்டு உடைத்துவிட்டார்.

“அவள் சரியான சண்டைக்காரி. பேப்பரிலை வந்து நாறினவள். நம்பாட்டில் பழைய பேப்பரைப் போய்ப் பாருங்கோவன்!” என்றாள் தில்லைநாயகி.

‘பாருங்கோவன்’ என்று சொன்னால் உண்மையாகவே போய்ப் பார்க்கிற மனிதர் தன் புருஷன் என்பது, அந்தக் கோபத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை கடை பூட்டு. யோகநாதன் நூலகத்துக்குப் போய்ப் பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளைக் கிண்டினார்.

மனைவி சொன்னது பொய்யில்லை. 1984 வைகாசியில், கார் து நோர் ரயில் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட றெஜினா, பரிசோதகரின் விரலைக் கடித்திருந்தாள். அடுத்த வருடம், கறண்டை வெட்டிய வீட்டுக்காரனின் முகத்தில் மிளகாய்த்தூள். 1986இல் உணவக முதலாளிக்கு அகப்பையால் ஏழு அடி.

“கடவுளே, இப்பிடியும் ஒரு பொம்பிளையோ!” என்று யோகநாதன் வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

இருந்தாலும் ஆசிரியர் என்றால் ஆசிரியர்தான். இறந்த திகதியும் வேண்டுமே. அடுத்த திங்கள் பந்தான் சவக்காலைக்குப் போனார். அங்கே அலுவலகத்தில் இருந்த ஆலீஸ் என்ற பெண், பதிவேட்டில் தேடிப் பெயரைக் காட்டினாள். வயது சரி. பேப்பரில் வந்திருந்த மார்க்ஸ் டோர்மோய் தெரு முகவரியும் சரி. புதைத்த திகதியைப் பார்த்தபோதுதான் யோகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

வீட்டுக்கு வந்தார். தில்லைநாயகி குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.

“நாயகி, நீர் சொன்னது சரி. பேப்பரிலை மூண்டு சண்டை கிடக்கு.”

“நான் சொன்னனான்தானே!”

“ஆனா ஒரு சிக்கல். அவளை எண்பத்துநாலு தையிலை தாட்டிட்டினம். விரலைக் கடிச்சது வைகாசியிலை.”

அகப்பை நின்றது.

“அது வேறை றெஜினாவா இருக்கும்.”

“வயசும் அதுதான், தெருவும் அதுதான். செத்து ரெண்டு வருசத்துக்குப் பிறகு எழும்பி வந்து முதலாளிக்கு ஏழு அடி அடிச்சிருக்கிறாள்!”

“ஏழில்லை, மூண்டு.”

சொன்ன பிறகுதான் தில்லைநாயகிக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

யோகநாதன் அகப்பையைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய், பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய விசாக் கார்ட்டை, அந்தக் காலத்து வதிவிட அனுமதி அட்டையை, எடுத்துவந்தாள். அதிலே ஒரு மெலிந்த பெண் கூச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுபேரும் ஒரே அறையிலை இருந்தனாங்கள். எனக்குக் கார்ட் இல்லை. சாகிறதுக்கு முதல்நாள் ஆசுப்பத்திரியிலை வைச்சு இதைத் தந்தவள். ‘மேலை போறதுக்கு ஒருத்தரும் கார்ட் கேக்கமாட்டினம், நீ வைச்சுப் பிழைச்சுக்கொள்’ எண்டு சொன்னவள். வெள்ளைக்காரருக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதானே. நாலு வருசம் அவளின்ரை பேரிலைதான் வேலை செய்தனான்.”

“அப்ப அவள் சண்டைக்காரி இல்லையே?”

“அவளோ? எறும்பைக் கண்டாலும் விலகித்தான் நடப்பாள்.” தில்லைநாயகியின் குரல் உடைந்தது. “எனக்கு வாழ்க்கை தந்தவளின்ரை பேரை அப்பவும் நாறடிச்சன். இப்ப ஒரு படத்துக்காகத் திரும்பவும்...”

விம்மி விம்மி அழுதாள். அவள் அழுது பார்த்துப் பழக்கமில்லாத யோகநாதனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அகப்பையை எடுத்து, அணைந்த அடுப்பிலிருந்த குழம்பைக் கிண்டினார்.

கிண்டியபடியே மெல்லக் கேட்டார்.

“அந்த முதலாளிக்கு ஏன் அடிச்சனீர்?”

“கோப்பை கழுவின பெட்டையின்ரை கையைப் பிடிச்சு இழுத்தவன்.”

“அப்ப மூண்டு காணாது, ஏழுதான் சரி” என்றார் யோகநாதன்.

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்ட்டை அவர் கையில் வைத்தாள்.

“முதலாம் பக்கத்திலை இந்தப் படத்தைப் பெரிசாப் போடுங்கோ.”

“அந்தச் சண்டைச் செய்தியள்? அதுகளை விட்டிடட்டே?”

“ஏன் விடுறியள்? ரெண்டாம் பக்கத்திலை போடுங்கோ.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “அதுகளுக்கு மேலை என்ரை சிவப்புச் சேலைப் படத்தையும் போடுங்கோ!”