பன்னிரண்டாவது சீட்டு

மடித்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் அடுக்கினார் ஜூரித் தலைவர் ஹார்லன் பிங்கம். ‘குற்றவாளி இல்லை’ என்று பதினொன்று. கடைசிச் சீட்டில் மட்டும், நேற்றுப் போலவே, நிதானமான கையெழுத்தில் ஒரே சொல்: குற்றவாளி.

பன்னிரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெர்னா லெவிட் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்திரண்டு. முப்பது வருடத் தபால் நிலைய வேலையில் ஒரு கடிதத்தைக்கூட வேறு வீட்டுக்கு அனுப்பியதில்லை என்று ஊரில் பெயர்.

வழக்கில் சிக்கலே இல்லை. ஓரின் பெலிவோ, சிங்கி இறால் பிடிக்கும் படகுக்காரர், எழுபத்தெட்டு வயது. மனைவி எஸ்டெல் பதினோரு மாதம் எலும்புப் புற்றுநோயில் துடித்தாள். மார்ச் மாதம் ஒரு காலையில், வீட்டிலிருந்த வலி மருந்து அத்தனையையும் கலக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவரே போலீசுக்குப் போன் செய்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இருந்தார். வக்கீலும் மகளும் அழுது புரண்டு தடுத்துவிட்டார்கள்.

“சட்டத்தில் அன்புக்கென்று தனி விதி கிடையாது” என்று நீதிபதி சொல்லி அனுப்பியிருந்தார். “செய்தாரா, இல்லையா என்பது மட்டுமே உங்கள் வேலை.”

“மிஸஸ் லெவிட், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா?” பள்ளிப் பேருந்து ஓட்டும் ஜோலின் வெடித்தாள். “உள்ள போனா அந்தக் கிழவர் பொணமாத்தான் வெளிய வருவாரு. தெரியும்ல?”

“கையத் தூக்கி சத்தியம் பண்ணினோமே, ஜோலின். சட்டப்படி முடிவு சொல்றேன்னுதானே சொன்ன? மனசுக்குப் பட்டதச் சொல்றேன்னா சொன்ன?”

“சட்டம் எழுதினவன் வீட்டுல யாராச்சும் ராத்திரி பகலா வலியில கத்தியிருந்தா தெரியும்” என்றான் கூரை வேலை செய்யும் டுவைட். “எங்கப்பா கத்தினாரு. நானும் நெனச்சேன். எனக்குத் தைரியம் வரல, அவ்வளவுதான்.”

யாரும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிங்கம் தொண்டையைச் செருமினார். “எஸ்டெல் தூங்கற மாதிரி போயிட்டாங்கன்னு டாக்டரே சொன்னாரே, வெர்னா. அரை மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிருச்சு.”

“அதோட முடியாது” என்றார் வெர்னா. “மூச்சு நின்னப்புறமும் கை சூடாவே இருக்கும். பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா, இன்னும் இருக்காங்கன்னே தோணும். எப்ப விடறதுன்னு தெரியாது.”

“நீங்க நர்ஸ் வேலையும் பார்த்தீங்களா?” என்றாள் ஜோலின்.

“இல்ல. தபால் ஆபீஸ் மட்டும்தான்.”

காபி ஆறிப்போயிருந்தது. துறைமுகத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. பிங்கம் நாற்காலியை இழுத்து வெர்னாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“சத்தியம், சட்டம் எல்லாத்தையும் தள்ளி வைங்க. ரெண்டு நாளா யாரும் கேக்காத ஒண்ண நான் கேக்கறேன். அந்த மனுஷன் செஞ்சது பாவம்னு நீங்க நெனைக்கிறீங்களா?”

வெர்னா கைப்பையைத் திறந்தார், மறுபடி மூடினார்.

“இல்ல” என்றார் கடைசியில். சொன்ன பிறகு, அதைச் சொன்னது வேறு யாரோ என்பதுபோல விழித்தார்.

“அப்பறம் எதுக்குத் தண்டனை?”

“அவர் முகத்த யாராச்சும் சரியாப் பார்த்தீங்களா?”

“பார்த்துட்டுத்தானே விடச் சொல்றோம்!” என்றான் டுவைட்.

வெர்னா அறையைச் சுற்றிப் பதினோரு முகங்களையும் பார்த்தார். பிறகு ஒரு புதுச் சீட்டை எடுத்து, எழுதி, மடிக்காமலே பிங்கமிடம் நீட்டினார்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் நீதிமன்றத்தில் கைதட்டல் எழுந்தது. மகள் ஓடிவந்து ஓரினைக் கட்டிக்கொண்டாள். அவர் மட்டும் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்.

“நீங்க போகலாம், மிஸ்டர் பெலிவோ” என்றார் நீதிபதி.

“எங்க?” என்று கேட்டார் ஓரின்.

நீதிபதி காகிதங்களைப் பார்ப்பதுபோலத் தலை குனிந்துகொண்டார்.

மகள் காரை எடுத்துவரப் போயிருந்தாள். நீதிமன்றப் படிக்கட்டில் ஓரின் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜூரர்கள் ஒவ்வொருவராக அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். “இனிமேலாவது நிம்மதியாத் தூங்குங்க” என்றார் பிங்கம். ஜோலின் குனிந்து அவர் காதில் ஏதோ சொல்லி, வெர்னாவை முறைத்துவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு வெர்னா வந்து அதே படியில் உட்கார்ந்தார்.

“நீங்க ஒருத்தர்தான் என்னை உள்ள அனுப்பணும்னு நின்னீங்களாமே” என்றார் ஓரின். “அந்தப் பொண்ணு சொல்லுச்சு.”

“ஆமா. கடைசி வரைக்கும் நிக்க முடியல. மன்னிச்சிருங்க.”

ஓரின் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மனித முகத்தைப் பார்ப்பவர்போல இருந்தது அந்தப் பார்வை.

“நான் உள்ள போகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

வெர்னா மூடுபனியைப் பார்த்தபடி சொன்னார்:

“என் வீட்டுக்காரர் எப்படிச் செத்தார்னு பதினாறு வருஷமா என்னை ஒருத்தரும் கேக்கல.”