நடுவானில் ஒரு திதி

லண்டனிலிருந்து சென்னைக்கு எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பத்தரை மணி நேரம். அந்தப் பயணத்தில்தான் தணிகாசலம் இருக்கையிலேயே இறந்துபோனார். திவசத்துக்குத் திதி குறிக்க வந்த புரோகிதர் உயிர் பிரிந்த நேரத்தைக் கேட்டார். வழியிலேயே சதுர்த்தி முடிந்து பஞ்சமி பிறந்திருந்தது.

"தெரியலை சாமி. அவர் தோள்லயே சாஞ்சு தூங்கிட்டேன்," என்றாள் மனைவி மரகதவல்லி. "எனக்குப் போர்வை போத்திவிட்டது மட்டும் ஞாபகம் இருக்கு."

மகன் செல்போனில் விமானம் கடந்த ஊர்களையும் நேரங்களையும் காட்டினான். புரோகிதர் அதைப் பார்க்கவில்லை.

"நீங்க எப்பம்மா முழிச்சீங்க?"

"சென்னையில இறங்கப்போறப்போ."

"அப்போ பஞ்சமி. நீங்க பாத்த நேரம்தான் கணக்கு."

"அதுவரைக்கும் அவர் இருந்தார்னு ஆயிடுமா சாமி?"

"ஆமாம்மா."

"அப்படியே எழுதிக்கோங்க," என்றாள்.