மூச்சைப் பிடித்த டிரக்

மேடு ஏறினால் பின்னால் இழுக்கும், பள்ளம் இறங்கினால் முதுகில் முட்டும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டுவண்டிதான் அது. அதை மலை முகாமுக்கு இழுத்துப்போக ஒரு டிரக் வேண்டும். டீசலா, பெட்ரோலா என்று, இரண்டையும் மலையில் ஏறி இறங்கவிட்டுப் பார்த்து, சிறுமி பூவிழிதான் சொல்ல வேண்டும். தோற்றால் கொட்டகையிலேயே கிடக்க வேண்டுமே என்று டீசல் டிரக்குக்கு உள்ளூர நடுக்கம்.

பூவிழி தன் பொம்மையை வீட்டுவண்டியின் கட்டிலில் உட்காரவைத்தாள்.

முதலில் பெட்ரோல் டிரக் சத்தமில்லாமல் பறந்து ஏறியது. இறக்கத்தில் வீட்டுவண்டி முட்டியதும், “ஐயோ, தள்ளாதே!” என்று பிரேக்கை மிதித்து மிதித்து, கருகல் நாற்றத்தோடு வந்து நின்றது. பொம்மை அடுப்படியில் கிடந்தது.

“என்ன தாத்தா, இருமி முடிச்சாச்சா? கிளம்பு!” என்றது பெட்ரோல் டிரக் டீசலிடம், அப்போதும் வீறாப்பாக.

டீசல் டிரக் கடகடத்தபடி மெல்ல ஏறியது. உச்சியில் வீட்டுவண்டி, “சாயட்டுமா அண்ணே?” என்றது.

“நல்லா சாஞ்சுக்கோ தம்பி!”

டீசல் டிரக் புகைக்குழாயை அடைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. உள்ளே அடைபட்ட புகை எஞ்சினின் வேகத்தை அடக்கிப் பிடித்தது. அந்தப் பிடியிலேயே வளைவுக்கு வளைவு, குலுங்காமல், ராஜநடையில் இறங்கியது. கீழே வந்து ஒரு ஹாரன் அடித்தது. மலை முழுக்க எதிரொலித்தது.

பூவிழி கதவைத் திறந்தாள். பொம்மை உட்கார்ந்தபடியே இருந்தது.

அவள் டீசல் டிரக்கில் ஏறிக்கொண்டாள்.